மூவடுக்கு உலக மாதிரிப் பெட்டி: மேல்தண்ணீர் தேறுகிறது, பாதாளம்தான் இடிக்கிறது

பாளையங்கோட்டைப் புத்தகக் கடைகளில் இந்தக் கோடைக்கு வந்திருக்கும் பாடக் கருவி இது. பழைய ஏற்பாட்டுக் கால இஸ்ரவேலர் உலகத்தை எப்படிக் கண்டார்கள் என்பதைத் தண்ணீர் ஊற்றிச் செய்துகாட்டும் மாதிரி. மேலே ஒரு தண்ணீர், அதைத் தாங்கும் கெட்டியான வானம், நடுவே பூமி, அதற்கும் கீழே ஆழமும் பாதாளமும். விலை 2,400 ரூபாய். சேகரத்து ஓய்வுநாள் பாடசாலைக்கோ விடுமுறை வேதாகமப் பள்ளிக்கோ (வி.பி.எஸ்.) வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். ஆனால் பெட்டியைப் பிரித்த கையோடு வகுப்பில் கொண்டுபோய் வைக்கக் கூடாது. ஒரு மாலை உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. பாதி வேலை தச்சு, பாதி வேலை வேதபாடம்.

உள்ளே இருப்பவை: 45 செ.மீ. சதுரத்தில் எம்.டி.எஃப். அடித்தட்டு, அதைச் சுற்றி 6 செ.மீ. உயர அக்ரிலிக் விளிம்பு. இந்தத் தொட்டிதான் ஆழம். அதில் நிற்க 4 செ.மீ. உயரத்தில் ஆறு கடைசல் தூண்கள். தூண்களின் மேல் உட்கார 30 செ.மீ. குறுக்களவுள்ள ஃபைபர் பூமித் தட்டு. மலை, நதி, எருசலேம் எல்லாம் அதில் உண்டு. தூண்களுக்கு நடுவே செருக 20-க்கு 12 செ.மீ. அளவில் பாதாளப் பெட்டி. எல்லாவற்றையும் மூட அக்ரிலிக் கவிகை, அதன் தலையில் ஒரு லிட்டர் பிடிக்கும் வளையத் தொட்டி, அந்த வளையத்தில் நூல் கட்டிய நான்கு மதகுகள். இவை போக லிவியாதான் என்ற கடல் பாம்பு, யோனா, மீன், சாமுவேல், பாபிலோன் ராஜா என்று ஐந்து பொம்மைகள், 40 வசன அட்டைகள், 64 பக்கக் கையேடு.

கவிகையைக் கெட்டியாகச் செய்திருப்பது சரி. ஆதியாகமம் 1-ல் வரும் ஆகாயவிரிவு நாம் நினைக்கிற வெற்று வெளி இல்லை. தண்ணீரைத் தாங்கும் கூரை. யோபு 37:18 அதை வார்க்கப்பட்ட கண்ணாடிக்கு ஒப்பிடுகிறது; அந்தக் காலத்துக் கண்ணாடி என்றால் தேய்த்துப் பளபளப்பாக்கிய வெண்கலத் தகடு. எசேக்கியேல் 1:22-ல் அது பளிங்கு போல் இருக்கிறது. ஆகவே தெளிந்த அக்ரிலிக்குக்கும் ஆதாரம் உண்டு. விளிம்பைச் சுற்றி யோபு 38:11-ன் “இம்மட்டும் வா, மிஞ்சி வராதே” என்ற வரியை ஒட்டியிருக்கிறார்கள். தயாரித்தவர்கள் கடலைப் பற்றி நன்றாகவே படித்திருக்கிறார்கள் என்பதற்கு அந்த ஒரு ஸ்டிக்கர் போதும். அந்த அதிகாரத்தில் கடல் கருப்பத்திலிருந்து பாய்ந்து வரும் ஒரு முரட்டுப் பிள்ளை. மேகம் அதற்கு வஸ்திரம், இருள் அதற்குச் சுற்றுத்துணி, கதவும் தாழ்ப்பாளும் போட்டு அடைக்க வேண்டியிருக்கிறது. கடவுளோடு போட்டிக்கு வரும் இன்னொரு தெய்வமாக இல்லை; ஆனால் காவல் எடுத்தால் வெளியே வந்துவிடும்.

தூண்கள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பூமிக்குத் தூண் உண்டு என்பதற்கு அன்னாளின் பாட்டும் (1 சாமுவேல் 2:8), யோபு 9:6-ம், சங்கீதம் 75:3-ம் ஆதாரம். ஆறு என்று எங்கும் இல்லை. சங்கீதம் 24:2 பூமியைக் கடல்களுக்கு மேலாக அஸ்திபாரப்படுத்துகிறது. யோபு 26:7 அதை அந்தரத்திலே தொங்கவிடுகிறது. மூன்றையும் ஒரே மாதிரியில் காட்ட யாராலும் முடியாது. பாடல்களிலிருந்து எடுத்த படங்கள் பொறியாளர் வரைபடமாக ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய கட்டாயமும் இல்லை. கையேடு இதைச் சொல்லாமல் விட்டுவிட்டதால், பையன்களில் விவரமானவன் ஒருவன் யோபு 26:7-ஐ எடுத்து நீட்டினால் ஆசிரியர் முழிக்க வேண்டியதுதான். முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இனி வெள்ளம். ஆதியாகமம் 7:11 இரண்டு பக்கத்துத் தண்ணீரையும் திறந்துவிடுகிறது: மகா ஆழத்தின் ஊற்றுக்கண்கள் கீழேயிருந்து, வானத்தின் மதகுகள் மேலேயிருந்து. சிருஷ்டிப்பில் பிரித்து வைத்த தண்ணீர் மறுபடி ஒன்று சேர்கிறது என்பதுதான் அங்கே பயங்கரம். அடைமழை கதை மட்டும் இல்லை. மதகு என்றால் என்ன என்று தாமிரபரணிப் பாசனத்தில் பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியதையும், ஆறு ஊருக்குள் வந்ததையும் பார்த்தவர்கள் அவர்கள்.

ஆனால் கையேடு சொல்லும் கணக்கில் வெள்ளம் வராது. தொட்டியில் 5 லிட்டர், மேல் வளையத்தில் 1 லிட்டர் என்கிறது கையேடு. பாதாளப் பெட்டியும் தூண்களும் அடைத்த இடம் போகத் தொட்டியின் பரப்பு சுமார் 1,740 சதுர செ.மீ. 5 லிட்டருக்குத் தண்ணீர் 3 செ.மீ.க்குச் சற்றுக் கீழே நிற்கும். நான்கு மதகையும் திறந்தாலும் இன்னும் அரை செ.மீ.தான் ஏறும். பூமித் தட்டின் அடிப்பாகமோ 4 செ.மீ.யில் இருக்கிறது. நோவா பேழையை இறக்காமலே திரும்பிப் போக வேண்டியதுதான்.

சரியான கணக்கு: தொடக்கத்திலேயே 7 லிட்டர் ஊற்றுங்கள், தண்ணீர் தட்டின் அடியைத் தொட்டு நிற்கும். அங்கிருந்து தட்டின் மேல்விளிம்புவரை ஏற 1.3 லிட்டர், தட்டை மூடி மேலே படர இன்னொரு 0.8 லிட்டர். ஆக 2.1 லிட்டர் வேண்டும். மேல் வளையம் 1 லிட்டர்தான் தரும். மீதி 1.1 லிட்டரைக் கீழேயிருந்துதான் கொடுக்க வேண்டும், வசனமும் அதைத்தானே சொல்கிறது. மருந்துக் கடையில் ஒரு டிரிப் செட் வாங்கி, தொட்டியின் பின்பக்க விளிம்பில் அடியை ஒட்டிக் குழாய் நுழையும் அளவுக்குத் துளை போட்டு, சிலிகான் வைத்து அடைத்து, இன்னொரு முனையை ஒன்றரை லிட்டர் பாட்டிலின் மூடியில் செருகிவிடுங்கள். பாட்டிலின் அடியில் காற்றுப்போக ஒரு ஊசித் துளை வேண்டும். இல்லாவிட்டால் சிறிது ஓடி நின்றுவிடும். பாட்டிலைத் தலைகீழாக நாற்காலி முதுகில் கட்டி உருளையைத் திருப்பினால் ஊற்றுக்கண் திறக்கும். டிரிப் குழாய் மெதுவாகத்தான் விடும், ஆகவே மேல்மதகுக்குச் சில நிமிடம் முன்பே இதைத் திறந்துவிட வேண்டும். வேகமாக வேண்டும் என்றால் மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் 6 மி.மீ. குழாய் எடுத்துக்கொள்ளலாம்.

இதோடு இன்னொரு கூத்தும் உண்டு. பூமித் தட்டு உள்ளே பொள்ளல். எடை அரைக் கிலோவுக்கும் குறைவு, ஆனால் கொள்ளளவு 700 மி.லி.க்கு மேல். தண்ணீர் தட்டின் முக்கால் பங்கு ஏறுவதற்குள் பூமி தூணைவிட்டுக் கிளம்பி மிதக்க ஆரம்பித்துவிடும். பூமி ஒருபோதும் நிலைபேராதபடி அஸ்திபாரப்பட்டது என்று சங்கீதம் 104:5 அட்டையைப் படித்துக்கொண்டிருக்கும்போது இது நடந்தால் அதற்குப் பிறகு அந்த வகுப்பை அடக்க முடியாது. எதிர் எதிராக உள்ள இரண்டு தூண்களின் தலையில் 3 மி.மீ. துளை போட்டு ஓர் அங்குலப் பித்தளை திருகாணியால் தட்டைப் பிடித்துவிடுங்கள். இரும்பு வேண்டாம், துரு இறங்கித் தட்டில் கோடு விழும்.

மதகு நூல்கள் பருத்தி. நனைந்ததும் ஊதித் துளையில் இறுகிக்கொள்கின்றன. இழுத்தால் கதவு வராது, நூல்தான் அறும். நாலையும் கழற்றிவிட்டு, மீன்பிடிக்கிற நைலான் நரம்பான தங்கூசி போடுங்கள். கடலோரத்து ஆட்களிடம் கேட்டால் ஒரு பாகம் சும்மாவே கிடைக்கும்.

வளையமும் கவிகையும் சேரும் இடத்தில் கசிவு இருக்கிறது. கையில் கிடைத்தது என்று ஃபெவிக்விக் வைக்காதீர்கள். அதன் ஆவி பட்டு அக்ரிலிக் வெள்ளை பூத்துவிடும், வானம் அதற்குப் பிறகு தெளியாது. பெயர்ப்பலகை செய்கிற கடைகளில் குளோரோஃபார்ம் தொட்டு ஒட்டித் தருவார்கள், அதுதான் சுத்தம். வீட்டிலேயே முடிக்க வேண்டும் என்றால் நிறமற்ற சிலிகான் போட்டு ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். துடைக்கத் தின்னரோ ஸ்பிரிட்டோ கூடாது, நரம்பு நரம்பாக வெடிப்பு ஓடும். கடற்கரை ஊர்களின் போர்த் தண்ணீர் காய்ந்தால் உப்புக்கறை பிடிக்கும். வினிகரைத் தண்ணீரில் கலந்து மெல்லிய துணியால் துடைத்தால் போய்விடும். அடித்தட்டின் எம்.டி.எஃப். வெட்டுமுகமும் திருகாணித் துளைகளும் திறந்தே இருக்கின்றன. முதல் தண்ணீருக்கு முன்பே உப்புத்தாள் போட்டு எனாமல் இரண்டு கை பூசாவிட்டால் பலகை அப்பளம் மாதிரி ஊதிவிடும், பிறகு எந்தப் பூச்சும் அதைத் திருப்பாது.

இவையெல்லாம் கை வேலை. பாதாளப் பெட்டிதான் உண்மையான குறை.

அதைத் திறந்தால் உள்ளே நாலு பக்கமும் சிவப்பு நெருப்பு ஸ்டிக்கர். மூடியில் ‘பாதாளம் / நரகம்’ என்று எழுத்து. மூடியைச் சுற்றி ரப்பர் வளையம். தண்ணீரில் மூழ்கி நின்றாலும் உள்ளே ஒரு சொட்டு இறங்காது. நெருப்பு தவறு, எழுத்து தவறு. பெரிய தவறு அந்த ரப்பர் வளையம்.

நெருப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். எபிரேய வேதத்தில் பாதாளத்துக்கு உள்ள ஷேயோல் என்ற பெயர் அறுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் வருகிறது. அங்கே இருள் உண்டு (யோபு 10:21-22), தூசி உண்டு (யோபு 17:16), மௌனம் உண்டு (சங்கீதம் 115:17), வாசல் உண்டு (ஏசாயா 38:10). போனவன் ஏறி வரமாட்டான் (யோபு 7:9). செய்கையும் வித்தையும் அறிவும் ஞானமும் இல்லை (பிரசங்கி 9:10). தேவனைத் துதிப்பாரும் இல்லை. எசேக்கியா ராஜா நோயிலிருந்து பிழைத்ததும் அதைத்தான் சொல்லி வாதாடுகிறான். குற்றவாளிகளைச் சுட்டெரிக்கும் இடமாக அது வருவதில்லை. நல்லவனும் கெட்டவனும் ஒரே இடத்துக்குத்தான் போகிறார்கள். மகன் செத்துவிட்டான் என்று நம்பிய யாக்கோபு, அவனிடத்தில் துக்கத்தோடே இறங்குவேன் என்று சொல்வது அங்கேதான் (ஆதியாகமம் 37:35). கையேட்டின் பாடத்திட்டப்படி அதே பெட்டிக்குள்ளிருந்துதான் சாமுவேல் பொம்மையை, எந்தோரில் சவுலுக்காக அஞ்சனக்காரி கூப்பிடும்போது எழும்பி வரச் செய்ய வேண்டும். ஆக இந்தப் பெட்டிக்காரர்கள் சாமுவேல் தீர்க்கதரிசியை நெருப்பில் போட்டு வைத்திருக்கிறார்கள். 1 சாமுவேல் 28-ல் அவர் வந்ததும் கேட்பது, என்னைக் கலைத்ததென்ன என்று. எரிகிறவன் கேட்கும் கேள்வியா அது?

ஏசாயா 14-ல் பாபிலோன் ராஜா இறங்கும்போது முன்பே போன ராஜாக்கள் எழுந்து, எங்களைப் போல நீயும் பலட்சயமானாயோ என்று நக்கலடிக்கிறார்கள். கீழே புழுப் படுக்கை, மேலே பூச்சிப் போர்வை. எசேக்கியேல் 32-ல் அசீரியரும் ஏலாமியரும் மற்றவர்களும் கூட்டம் கூட்டமாகக் கிடக்கிறார்கள், சிலருக்குத் தலைமாட்டில் பட்டயம். அங்கே உள்ள அவமானம் பலம் போவது, பேர் போவது. வேதனைக் கருவிகள் இல்லை.

நெருப்பு எப்போது வருகிறது? பின்னால். எருசலேமின் தென்பக்கத்து இன்னோம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளைத் தீயில் பலியிட்டதை எரேமியா 7:31 கண்டிக்கிறது, யோசியா ராஜா அந்தப் பலிமேடையைத் தீட்டுப்படுத்துகிறான் (2 இராஜாக்கள் 23:10). அந்தப் பள்ளத்தாக்கின் பெயர்தான் பிற்கால யூதரிடம் கெஹென்னா என்று நரகத்தின் பெயர் ஆயிற்று. செத்தவர்களில் சிலர் நித்திய ஜீவனுக்கும் சிலர் நிந்தைக்கும் எழுவார்கள் என்று தெளிவாகப் பிரிப்பது தானியேல் 12:2. கையேடு கெஹென்னாவை எருசலேமின் குப்பை மேடு என்றும், அங்கே இரவு பகலாகக் குப்பை எரிந்தது என்றும் எழுதியிருக்கிறது. பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிற விஷயம்தான், ஆனால் அதற்கு ஆதாரம் சுமார் கி.பி. 1200-ல் வாழ்ந்த தாவீது கிம்கி என்ற யூத உரையாசிரியருக்கு முன்னால் கிடைப்பதில்லை. தோண்டிப் பார்த்ததிலும் அப்படி ஒரு எரிமேடு தென்படவில்லை. அந்தப் பள்ளத்தாக்கின் சரிவில் 1979-ல் கபிரியேல் பர்காய் தோண்டியபோது கிடைத்தது குடும்பக் கல்லறைகளும், எண்ணாகமம் 6-ன் ஆசாரிய ஆசீர்வாதத்தின் வரிகளைப் பொறித்த இரண்டு சின்ன வெள்ளிச் சுருள்களும்தான். சுமார் கி.மு. 600. கையேட்டின் அந்தப் பக்கத்தைச் சேகரத்து ஐயரிடம் (போதகரிடம்) காட்டி ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

நெருப்பு ஸ்டிக்கரைத் தூக்கி எறிய வேண்டாம். லூக்கா 16-ல் ஐசுவரியவானும் லாசருவும் வரும்போது தேவைப்படும். அங்கே பாதாளத்தில் அக்கினி ஜுவாலை இருக்கிறது. ஹேர் டிரையர் காட்டிச் சூடாக்கினால் கிழியாமல் உரியும். பசை தங்கினால் தேங்காய் எண்ணெய் தடவிச் சற்று ஊறவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இருண்ட பாதாளத்தையும் நெருப்புப் பாதாளத்தையும் வேறு வேறு நாளில் காட்டினால், ஐந்தாறு நூற்றாண்டுகளில் நம்பிக்கை எவ்வளவு நகர்ந்தது என்பது பிள்ளைகளுக்குத் தானாகவே புரியும்.

இப்போது ரப்பர் வளையம். இந்தப் பெட்டியில் கடல் ஒரு பாடம், பாதாளம் இன்னொரு பாடம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழியே இல்லை. வேதத்திலோ இரண்டும் ஒரே கீழ்த்திசை. 2 சாமுவேல் 22:5-6-ஐப் பாருங்கள்: மரண அலைகள் சூழ்ந்துகொள்கின்றன, அடுத்த வரியில் பாதாளக் கட்டுகள். யோபு 26:5-6-ல் செத்தவர்கள் தண்ணீருக்குக் கீழே நடுங்குகிறார்கள், உடனே பாதாளம் அவருக்குமுன் வெளியாய்த் திறந்திருக்கிறது. சங்கீதம் 69-ல் உளை, ஆழம், வெள்ளம், குழி எல்லாம் ஒரே கூச்சலில் வருகின்றன. சங்கீதம் 88-ல் குழியில் கிடக்கிறவன்மேல் அலைகள் புரளுகின்றன. சாகிறவன் மண்ணுக்குள் போகிறானா தண்ணீருக்குள் போகிறானா என்று அந்தப் பாட்டுக்காரர்கள் பிரித்துப் பார்க்கவே இல்லை. மலைநாட்டில் குடியிருந்து மழைத் தண்ணீரைப் பாறைத் தொட்டியில் சேர்த்துக் குடித்தவர்கள் அவர்கள். தொட்டியின் அடியில் உள்ள சேறும் இருளும் நன்றாகவே தெரியும். எரேமியாவை இறக்கிய துரவிலும் தண்ணீர் இல்லை, உளைதான் இருந்தது.

இதற்கெல்லாம் முடிச்சு யோனா 2. அவன் கிடப்பது மீன் வயிற்றில்; ஆனால் கூப்பிடுவது பாதாளத்தின் வயிற்றிலிருந்து. தண்ணீர் பிராணபரியந்தம் நெருக்குகிறது, கடற்பாசி தலையைச் சுற்றுகிறது, பர்வதங்களின் அடிவாரம்வரை இறங்குகிறான், கடைசியில் பூமியின் தாழ்ப்பாள்கள் அவனை அடைக்கின்றன. கடல் வழியாகவே போய்ப் பாதாளத்தின் கதவை அடைந்துவிட்டான். பெட்டியில் இதைச் செய்துகாட்டப் போனால் யோனா பொம்மை அக்ரிலிக் சுவரில் முட்டி நிற்கிறது.

ஆகவே வெட்ட வேண்டும். பாதாளப் பெட்டியின் அகலப் பக்கம் ஒன்றில், அடியை ஒட்டி, யோனா நுழையும் அளவுக்கு 4 செ.மீ. அகலம், 3 செ.மீ. உயரத்தில் ஒரு வாசல். முதலில் அந்த இடத்தில் இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். நாலு மூலையிலும் சின்னத் துளை போட்டுக்கொண்டு, துளையிலிருந்து துளைக்கு ஆக்ஸா பிளேடால் மெதுவாக அறுங்கள். வேகம் கொடுத்தால் அக்ரிலிக் சூடேறிப் பிளேடைக் கவ்வும், அல்லது மூலையிலிருந்து சுவர் முழுக்க விரிசல் ஓடும். மூலைத் துளை போடாமல் அறுத்தவர்களுக்கு இரண்டாவதுதான் நடக்கும். விளிம்பை உப்புத்தாளால் மழுக்கிவிட்டு, வாசலின் குறுக்கே இரண்டு பித்தளைக் கம்பிகளை மேலிருந்து இறக்கி ஏற்றும்படி வையுங்கள். தாழ்ப்பாள் தயார்.

உட்சுவருக்குப் பளபளப்பில்லாத கறுப்பு எனாமல். தரையில் பிசைந்த களிமண் கால் கிலோ, அழுத்திப் பரப்பியது. தூளாகப் போட்டால் தொட்டி முழுக்கக் கலங்கி ஒன்றும் தெரியாது. குளத்து வண்டல் உத்தமம். தேரி மணல் கைக்குச் சுலபமாகக் கிடைக்கிறதே என்று போடாதீர்கள், அந்தச் சிவப்பு மறுபடி நெருப்பு மாதிரியே தெரியும். வாசல் வெட்டியபின் பெட்டிக்குள்ளும் தண்ணீர் நிற்கும். தொடக்க அளவு 7 லிட்டருக்குப் பதில் 8 லிட்டர் ஆகும். பூமித் தட்டின் அடிப்பக்கம் மொட்டையாக இருக்கிறது. எம்-சீலில் அரை அங்குலக் கூம்புகள் ஏழெட்டு பிடித்து, பாதாளப் பெட்டி வருகிற இடத்தை விட்டுவிட்டு ஒட்டினால் மலைகளின் வேர் ஆகும். தெர்மகோல் மிதந்து தட்டைத் தூக்கும், வேண்டாம்.

லிவியாதான் பொம்மைக்கு இறக்கை வைத்திருக்கிறார்கள், அதற்கு எங்குமே ஆதாரம் இல்லை. வாயிலிருந்து தீப்பொறி வருவது சரி, யோபு 41 சொல்கிறது. தலை ஒன்றுதான் செய்திருப்பது போதாது. சங்கீதம் 74:13-14-ல் உடைபடுவது தலை அல்ல, தலைகள். சிரியாக் கடற்கரையில் 1928-ல் உழவர் ஒருவர் தற்செயலாகக் கண்ட கல்லறையைத் தொடர்ந்து 1929-ல் குளோத் ஷேஃபர் தோண்டத் தொடங்கிய உகரித் நகரத்துக் களிமண் எழுத்தோடுகளில், இதே பெயருடைய பாம்புக்கு ஏழு தலை. ஏசாயா 27:1 அதற்குக் கொடுக்கும் இரண்டு அடைமொழிகளும் அந்த ஓட்டில் இருக்கின்றன. இறக்கையை நறுக்கிவிட்டு எம்-சீலில் தலைகள் வைப்பது பையன்களுக்கு நல்ல கைவேலை.

கையேட்டில் உருப்படியான அத்தியாயம் உகரித் பற்றியதுதான். பாகால் யாம் என்ற கடல் தெய்வத்தை இரண்டு தண்டாயுதங்களால் அடித்து வீழ்த்துவதையும், பிறகு மோத் என்ற மரண தெய்வம் ஒரு உதடு பூமியிலும் ஒரு உதடு வானத்திலுமாக வாயைப் பிளந்து பாகாலையே விழுங்குவதையும் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். ஏசாயா 5:14-ல் பாதாளம் தன் வாயை ஆவென்று திறப்பதும், 25:8-ல் கர்த்தர் மரணத்தையே விழுங்குவதும் அதோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை. பக்கத்து ஊர்க் கதையில் கடலும் சாவும் இரண்டு ராஜாக்கள். இஸ்ரவேலில் இரண்டும் பட்டத்தை இழந்துவிட்டன, பேச்சுவழக்கில் மட்டும் தங்கிவிட்டன. கடைசி அத்தியாயம் ஆதியாகமம் 1-ஐப் பாபிலோன் கதையின் நேர் நகல் என்று முடிப்பது பழைய கதை. பாபிலோன் தெய்வம் மர்துக், கடல் தெய்வமான தியாமத்தைப் பிளக்கும் ஓடுகளை ஜார்ஜ் ஸ்மித் 1876-ல் வெளியிட்டதும், ஜெர்மன் வேத ஆய்வாளர் குன்கல் 1895-ல் அதை வேதத்தோடு இணைத்ததும் அந்தக் காலத்துப் புரட்சிதான். உகரித் கிடைத்தபிறகு கானான் கரையையும் சேர்த்துப் பார்க்காமல் யாரும் எழுதுவதில்லை. ஒரே கையேட்டில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

வசன அட்டைகளில் கல்லறை வரிசை நன்றாக இருக்கிறது. யூதாவின் பாறைக் கல்லறைகளில் உடலை மேடையில் கிடத்தி, சதை போனபின் எலும்பை ஒரு மூலைக் குழியில் முன்னோர் எலும்போடு சேர்ப்பார்கள். விளக்கும் குடுவையும் கூட வைப்பார்கள். “தன் ஜனத்தாரோடே சேர்க்கப்பட்டான்” என்ற வரிக்கு இதைவிட நல்ல படம் கிடையாது. ஆதிச்சநல்லூர் தாழிகளை அங்குள்ள அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குக் கீழே பார்த்த பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஒரே வழக்கம் என்பதற்காக ஒரே நம்பிக்கை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

விடுபட்டது வெண்கலக் கடல். சாலொமோன் ஆலயத்து முற்றத்தில் பன்னிரண்டு எருதுகள்மேல் நின்ற தொட்டி, பத்து முழம் குறுக்களவு, ஐந்து முழம் உயரம் (1 இராஜாக்கள் 7:23-26). குறுக்களவு ஏறக்குறைய நாலரை மீட்டர். 2 நாளாகமம் 4:6 ஆசாரியர் கழுவுவதற்கு என்கிறது. ஆனால் பாத்திரத்துக்குக் கடல் என்று பேர் வைத்து ஆலயத்துக்குள் அசையாமல் நிறுத்தியிருப்பதில், அடக்கப்பட்ட கடல் என்ற எண்ணத்தைப் பல ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். பூமித் தட்டில் எருசலேமுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பித்தளைக் கிண்ணத்தை ஒட்டினால் விஷயம் முடிந்தது.

கடலோரத்தில் நடத்துகிறவர்களுக்கு ஒன்று. எருசலேமிலிருந்து யோப்பாத் துறைமுகம் ஏறக்குறைய 60 கி.மீ.; திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற தூரம். கரையில் பெலிஸ்தரும் பெனிக்கேயரும் இருந்தார்கள். சாலொமோன் கப்பல் விட்டபோதும் தீரு ராஜா ஈராமின் ஆட்கள்தான் ஓட்டினார்கள், யூதா ராஜா யோசபாத்தின் கப்பல்கள் எசியோன்கேபேர் துறைமுகத்திலேயே உடைந்துபோயின. மலைக்காரர்களின் கடல் பயம் இது. உவரி, இடிந்தகரை, கூத்தங்குழிப் பிள்ளைகளிடம் போய்க் கடல் ஒரு பகைவன் என்று ஆரம்பித்தால் எடுபடாது, கடலம்மா சோறு போடுகிற வீடு அது. சங்கீதம் 107:23-30-ல் தொடங்குங்கள். கப்பல் ஏறித் தொழில் செய்கிறவர்கள் வெறியனைப்போலத் தடுமாறுவதும், தாங்கள் நாடின துறைமுகத்தில் சேருவதும் அதில் இருக்கிறது. அதற்குப் பிறகு லிவியாதான் விளையாடும் சங்கீதம் 104:26. யோனாவை அடுத்த வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த ஊர்களில் கத்தோலிக்கர் படிக்கும் பொது மொழிபெயர்ப்பு வைத்திருப்பார்கள். ஏசாயா அங்கே எசாயா. அட்டையில் உள்ள பெயரைப் பென்சிலால் மாற்றி எழுதிக்கொடுத்தால் தேடாமல் எடுப்பார்கள்.

பெட்டியோடு உதிரி மதகு இரண்டு வருகிறது, உதிரித் தூண் வருவதில்லை. தூண்கள் சாதாரணக் கடைசல் மரம். ஒன்று உடைந்தால் 4 செ.மீ. உயரம் என்று சொன்னால் எந்தக் கடைசல் பட்டறையிலும் செய்து தருவார்கள். கவிகை மட்டும் தனியாக விற்பனைக்கு இல்லை, ஆகவே வண்டியில் கொண்டுபோகும்போது வந்த தெர்மகோல் உறையோடேயே கொண்டுபோங்கள். மேலே சொன்ன மாற்றங்களுக்குச் சாமான் செலவு 400 ரூபாய்க்குள் அடங்கும், அதில் பெரிய செலவு சிலிகானும் எனாமலும்தான்.